ஒரு கணினி, பல பைத்தான்கள்

2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3.0, தெரிந்தே பழைய நிரல்களோடு உறவை முறித்துக்கொண்டது. 3/2 என்று கேட்டால் பைத்தான் 2 சொன்ன விடை 1. பைத்தான் 3 சொல்வது 1.5. யுடிஎஃப்-8 கோப்பில் ‘தமிழ்’ என்று எழுதி நீளம் கேட்டால், பழையது பைட்டுகளை எண்ணி 15 என்றது. புதியது யூனிகோடு குறிகளை எண்ணி 5 என்கிறது. தமிழில் நிரல் எழுதுவோருக்கு அந்த முறிவு பெரிய வரம். ஆனால் பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடியும்வரை, ஒரே கணினியில் இரண்டையும் வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில் வளர்ந்தவைதான் பல பதிப்புகளைக் கையாளும் இன்றைய மரபுகள்.

மூத்தது, இயன் பிக்கிங் 2007-இல் தந்த வெர்ச்சுவல்என்வ். ஒவ்வொரு புராஜெக்டுக்கும் லைப்ரரிகளைத் தனியே பிரித்து வைப்பது இதன் வேலை. பைத்தான் 3.3 முதல் இது ‘வென்வ்’ என்று மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் வேண்டிய பதிப்பை அது கொண்டுவந்து தராது. அந்தப் பதிப்பு ஏற்கெனவே கணினியில் இருக்க வேண்டும்.

அந்தக் குறையைத் தீர்த்தது பைஎன்வ். ரூபி மொழிக்காக சாம் ஸ்டீஃபன்சன் 2011-இல் எழுதிய ஆர்பிஎன்வின் வழித்தோன்றல் இது. இதன் உத்தி எளிமையானது, அழகானது. ஷிம் எனப்படும் சிறு ஸ்கிரிப்டுகள் உள்ள ஃபோல்டரை, கட்டளைகளைக் கணினி தேடும் ‘பாத்’ வரிசையில் முதலில் நிறுத்துகிறது. நாம் பைத்தான் என்று தட்டியதும் ஷிம்தான் ஓடும். இந்த ஃபோல்டரில் பதிப்பு எண் எழுதிய கோப்பு உண்டா, இல்லையென்றால் மேல் ஃபோல்டரில் உண்டா என்று தேடி, சரியான பைத்தானை அழைக்கும். ஒரு சிரமம்: பைஎன்வ் பொதுவாக மூலநிரலிலிருந்து கம்பைல் செய்கிறது. எஸ்க்யூலைட்டின் ஹெட்டர் கோப்புகள் இல்லையென்றால் ஓர் எச்சரிக்கை வரி மட்டும் வந்துபோகும்; டேட்டாபேஸைத் திறக்கும்போதுதான் குறை தெரியும். நிறுவும்போது வரும் செய்திகளைக் கடைசி வரிவரை படித்துவிடுங்கள்.

ஷிம்மே வேண்டாம், ‘பாத்’தை மாற்றினால் போதும் என்பது ரூபி உலகின் சிஎச்ரூபி கட்சி. அறிவியல் கணக்கு செய்வோர், கம்பைல் செய்த தொகுப்புகளைத் தரும் கோண்டாவை நம்புகிறார்கள். 2024-இல் வந்த யுவி, பைத்தானையும் லைப்ரரிகளையும் ஒரே கருவியில் இறக்கித் தருகிறது. புதிதாகத் தொடங்குவோருக்கு என் பரிந்துரை அதுதான்.

எந்த மரபானாலும் மாறாத நெறி ஒன்று: கணினியோடு வந்த பைத்தானைத் தொடக் கூடாது. அது இயங்குதளத்தின் சொத்து. உபுண்டுவில் அந்தப் பைத்தானைச் சுட்டும் இணைப்பை மாற்றியவர்களுக்கு டெர்மினலே திறக்காமல் போனதுண்டு. 2023-இல் வந்த டெபியன் 12, அந்தப் பைத்தானுக்குள் லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் நேரடியாக எதையும் நிறுவ முயன்றால் மறுத்துவிடுகிறது. சரியான முடிவு.

மற்றொரு நெறி, பதிப்பு எண்ணைக் கோப்பில் எழுதி நிரலோடு சேர்த்தே கிட் (git) களஞ்சியத்தில் வைப்பது. கல்லூரிப் புராஜெக்டைச் சமர்ப்பிக்கும் மாணவர்கள் இந்த ஒரு வரிக் கோப்பைத் தவறாமல் சேர்க்க வேண்டும். ஆசிரியர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.