விலைபோகாதவர்களின் செலவுக் கணக்கு

வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினால் போதும், சினிமாவுக்கு வசனம் எழுதப் போனால் போதும், ஒருவரை விலைபோனவர் என்று தமிழ்ச் சிற்றிதழ் உலகம் ஒதுக்கிவைத்த காலம் ஒன்று இருந்தது. அதை வெறும் மேட்டிமை என்று இன்று தள்ளிவிடுவது சுலபம். நான் அப்படித் தள்ளமாட்டேன்.

சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வந்தது. அதற்காக மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிப் படி ஏறினார் அவர். இந்தப் பிடிவாதத்தில்தான் தமிழில் புதுக்கவிதை கால் ஊன்றியது. ந. பிச்சமூர்த்தி, சி. மணி, பசுவய்யா, திருகோணமலைக்காரரான தருமு சிவராமு ஆகியோரின் யாப்பில்லாத வரிகளை அன்றைய வாரப் பத்திரிகைகள் சீந்தியிருக்குமா என்பது சந்தேகமே. விமரிசனத்துக்கும் இதே கதைதான். கோபித்துக்கொள்ள விளம்பரதாரரோ லட்சம் வாசகரோ இல்லாத இடத்தில்தான் பெரிய பெயர்களின் குறையை அச்சில் சொல்ல முடிந்தது. செல்லப்பா சந்தையை மறுத்தார். அந்த மறுப்பால் கிடைத்த இடத்தில் ஒரு காரியம் செய்தார்.

சிக்கல் பிறகு வந்தது. மறுப்பதே ஒரு தகுதியாகிவிட்டது. எங்கே அச்சானது, யார் பணம் கொடுத்தார் என்று விசாரித்தால் போதும். கதையைப் படிக்கும் சிரமம் மிச்சம். இந்த அளவுகோலை முன்னோடிகள் மேலேயே வைத்துப் பார்க்கலாம். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ இரண்டும் கலைமகளில் வந்தவை. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ சுதேசமித்திரனில் தொடராக வந்த நாவல். அளவுகோல் அங்கேயே முறிந்துபோகிறது.

தூய்மை காத்த பலருக்கு வேறு வருமானம் இருந்ததைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜானகிராமனுக்கு வானொலி, சி. மணிக்கும் நகுலனுக்கும் கல்லூரி, சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் துணிக்கடை. இதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் அரசாங்கச் சம்பளம் சுத்தமான காசு, பத்திரிகைச் சன்மானம் மட்டும் அழுக்குக் காசு என்ற தர்க்கம் எனக்குப் பிடிபட்டதே இல்லை. அந்தச் சம்பளம் வாய்க்காதவர் என்ன ஆனார் என்பதற்குப் புதுமைப்பித்தனே சாட்சி. தினமணியை விட்டு வந்த பின் சினிமாவுக்குப் போனார். ‘ராஜமுக்தி’ வேலைக்காகப் புனாவில் இருந்தபோது காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30இல், 42 வயதில், திருவனந்தபுரத்தில் இறந்தார். சினிமா கொன்றது என்று அதை நீதிக்கதையாக்கிச் சொல்வார்கள். அவரைச் சினிமாவுக்குத் துரத்திய வறுமையைப் பற்றி அந்தக் கதையில் அவ்வளவாக வராது.

எதிர்த்தரப்பு வழக்கமாக ஜெயகாந்தனைக் கொண்டுவந்து நிறுத்தும். சரஸ்வதி என்ற சிற்றிதழில் வளர்ந்தவர் ஆனந்த விகடனுக்குப் போனார். 1966இல் அங்கே வந்த ‘அக்கினிப் பிரவேச’த்தில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். வாசகர்கள் கொதித்தார்கள். அவர் முடிவை மாற்றவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் அது. சில நூறு பேர் படிக்கும் சிற்றிதழில் அந்தச் சண்டையே மூண்டிருக்காது. ஆனாலும் இதைப் பொது விதியாக்கக் கூடாது. தன் வரியில் கைவைக்க விடாத அதிகாரம் ஜெயகாந்தனுக்கு இருந்தது. வாரம் ஒரு திருப்பம் கேட்டு நச்சரிக்கும் ஆசிரியரிடம் முடியாது என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக வரியைத் திருத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது? அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு தன் எழுத்தை வீட்டில் வைத்திருந்தார். பிறகு அதே உலகத்தைப் பளபளப்பில்லாமல் ‘கரைந்த நிழல்க’ளில் எழுதினார். ஜெயமோகன் வேறு வகை. படங்களுக்கு எழுதிக்கொண்டே 2014 முதல் 2020 வரை ‘வெண்முரசு’ வரிசையில் 26 நாவல்களை யாரும் இலவசமாகப் படிக்கும்படி நாள்தோறும் வெளியிட்டார். ஒரு வார இதழ் அந்த நீளத்தை ஏற்காது, ஒரு சிற்றிதழ் அந்தச் செலவைத் தாங்காது. படங்களில் கடைசிச் சொல் இயக்குநருடையது. அங்கே போய் ‘விஷ்ணுபுரம்’ எழுதியவரைத் தேடுவது வீண்.

இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளும் திராணி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. முதல் தொகுப்போடு கோடம்பாக்கம் போய், இரண்டாவது தொகுப்பு வராமலே போனவர்களும் உண்டு. அவர்களை விலைபோனவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறவர்கள், அந்த முதல் தொகுப்புக்கு ராயல்டி எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பதிப்பாளரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.