விழாமல் பிடித்தவர்

2014 உலகக் கோப்பையில் ஜெர்மனியும் அல்ஜீரியாவும் மோதிய ஆட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மானுவல் நோயர் பெனால்டி ஏரியாவை விட்டு ஓடி ஓடி வந்து பந்தைக் காலால் வெட்டிக்கொண்டிருந்தார். விடிந்ததும் நண்பரிடமிருந்து போன். "கோல்கீப்பிங்கையே புதுசா எழுதிட்டான்யா!" நான் வாதாடவில்லை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் அனுப்பினேன். சாம்பல் ஸ்வெட்டர், தட்டைத் தொப்பி, அவசரமே இல்லாத முகம். ஹைனர் ஷ்டூல்ஃபௌட்.

நியூரம்பர்க் கிளப்புக்கு 1916 முதல் 1933 வரை கோல் காத்தவர். 1920, 21, 24, 25, 27 என்று ஐந்து ஜெர்மன் சாம்பியன் பட்டங்கள். அந்த ஐந்து இறுதி ஆட்டங்களிலும் அவர் ஒரு கோல்கூட விடவில்லை. 1922 இறுதி ஆட்டம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். ஹம்பர்க்குடன் பெர்லினில் 189 நிமிடம் ஆடி, 2-2 என்ற நிலையில் இருட்டிவிட்டது. லைப்சிக்கில் மறுபடி ஆடினார்கள். 1-1 என்றிருக்கும்போது நியூரம்பர்க் பக்கம் ஏழு பேர்தான் மிச்சம். அந்த ஆட்டமும் பாதியில் நின்றது. கடைசிவரை யாருக்கும் பட்டம் இல்லை. ஆகவே அந்த மூன்று கோல்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ரசிகனுக்கு இந்த உரிமைகூட இல்லையா?

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது பட்டங்கள் அல்ல, அவருடைய கால்கள். கையால் எடுக்கக்கூடிய பந்தையும் காலால் தடுத்து, அப்படியே சக வீரருக்குத் தள்ளிவிடுவார். இதைக் கிறுக்குத்தனம் என்பவர்கள் அந்தக் காலத்துப் பந்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கயிறு கோத்த தோல் பந்து. மழையில் ஊறினால் கனக்கும், வழுக்கும். பந்தைப் பிடித்து நிற்கும் கோல்கீப்பரை ஃபார்வர்டு தோளால் இடித்துத் தள்ளலாம், சட்டமே அனுமதித்தது. பந்தைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் ஆபத்து. காலால் தட்டிவிட்டால் ஆபத்து தீர்ந்தது, எதிர்த்தாக்குதலும் தொடங்கியது.

இரண்டாவது, அவர் நின்ற இடம். கோல் கோட்டில் ஒட்டிக்கொண்டிருக்க மாட்டார். மூன்றாவது பேக் மாதிரி முன்னால் வந்து நிற்பார். 1925-ல் ஆஃப்சைடு சட்டம் மாறி, பேக்குகளின் முதுகுக்குப் பின்னால் வெளி திறந்தபோது மற்ற கோல்கீப்பர்கள் தடுமாறினார்கள். இவர் அந்த வெளியில் ஏற்கெனவே குடியிருந்தார்.

ஸ்பெயின் கோல்கீப்பர் சமோராவைக் கொண்டாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஸ்பெயினில் குறைவாகக் கோல் விடும் கோல்கீப்பருக்கு இன்றும் அவர் பெயரில்தான் விருது. சமோராவும் தொப்பிக்காரர்தான், அழகன்தான். அந்தப் பாய்ச்சல்களுக்கு நானும் கைதட்டுவேன். ஆனாலும் டைவ் என்பது கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்ற ஒப்புதல். சரியான இடத்தில் நிற்பவனிடம் பந்து தானே வரும். ஷ்டூல்ஃபௌட்டின் தொப்பி தலையில் நிலைத்ததற்குக் காரணம் அதுதான் என்பது என் கட்சி.

ஜெர்மனிக்காக 1920-லிருந்து 1930 வரை ஆடியது 21 ஆட்டங்கள்தான். அதில் 1924 ஆம்ஸ்டர்டாம் ஆட்டம் எனக்குச் செல்லம். அணி முழுக்க நியூரம்பர்க், ஃப்யூர்த் வீரர்கள். பக்கத்துப் பக்கத்து ஊர், ஜென்மப் பகை. ஒரே ரயிலில் தனித்தனிப் பெட்டிகளில் போனார்கள். ஹாலந்தை 1-0 என்று வென்றார்கள். கோலடித்தவர் ஃப்யூர்த்காரர் ஆவுவர். கோலைக் காத்தவர் நம்மவர். பேசிக்கொள்ளாதவர்களைக்கூடச் சேர்த்து வைக்கும் கோல்கீப்பர்! 1929 ஏப்ரலில் டூரினில் இத்தாலியை அதன் மண்ணிலேயே 2-1 என்று ஜெர்மனி வென்ற நாளில் ஆட்டத்தின் நாயகனும் அவர்தான். அப்போது வயது 33.

இப்போது என்ன நடக்கிறது? நேராக நெஞ்சுக்கு வரும் பந்துக்கும் ஒரு பாய்ச்சல், இரண்டு உருளல், எழுந்து டிஃபெண்டர்களைப் பார்த்து ஒரு கத்தல். ரீப்ளேயில் நாலு கோணத்தில் காட்டுவார்கள் என்று தெரியும். ஜெர்சி நிறம் கண்ணைப் பறிக்கிறது. காலால் பாஸ் போடச் சொல்லித்தருகிறார்கள், சரிதான். எங்கே நிற்பது என்று யாராவது சொல்லித்தருகிறார்களா? என் நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "பழசுன்னா உனக்குத் தேன்" என்கிறார். இருக்கட்டும்.

அடுத்த ஆட்டத்தில் ஒரு பத்து நிமிடம் பந்தை விட்டுவிடுங்கள். கோல்கீப்பர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள்.