ஓர்மை தப்பியவள்

பெண்ணின் மூளையைப் பற்றித் தமிழில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். நாற்பதைத் தாண்டியவளுக்கு ஹார்மோன் குறைகிறது, அது குறைந்தால் மூளை மங்குகிறது, ஆகவே இதைச் சாப்பிடு, இவ்வளவு நட, இத்தனை மணிக்குத் தூங்கு. சொல்பவர்களில் மருத்துவர்களும் உண்டு, சத்துமாவு விற்பவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒரே குரலில் பேசுவதுதான் என்னை உறுத்துகிறது. இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோலவே இந்தப் பேச்சையும் வாசிக்க முடியும். பேசுவது யார், யாரை நோக்கி, யாரை வெளியே நிறுத்திவிட்டு என்று கேட்டால் போதும்.

விக்கிரமசிங்கபுரத்தில் நினைவுக்கு ஓர்மை என்று பெயர். 'ஆச்சிக்கு ஓர்ம தப்பிட்டு' என்றால் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும். யாழ்ப்பாணத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். ஓர்மை தப்புவது எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது கவனிக்க வேண்டியது. தாத்தாவின் மறதி வங்கியில் தெரியும், கையெழுத்து மாறிப்போகும், பென்ஷன் புத்தகம் காணாமல் போகும். ஆச்சியின் மறதி குழம்பில்தான் தெரியவரும். உப்பு இரண்டு தடவை விழுந்திருக்கும் அல்லது விழுந்தே இருக்காது. அவளுடைய மறதி இன்னொருவர் தட்டுக்கு வந்து சேரும்வரை அது யாருடைய கவனத்துக்கும் வருவதில்லை. அதற்கு முன்பு அவள் எவ்வளவு காலம் தனக்குள் தடுமாறிக்கொண்டிருந்தாள், பேரப்பிள்ளையின் பெயரைத் தேடி வேறு நாலு பெயரைச் சொல்லிச் சமாளித்தாள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

நம் சினிமாவும் இதையேதான் செய்கிறது. 2005இல் வந்த மலையாளப் படமான 'தன்மாத்ர'வில் மோகன்லால் தலைமைச் செயலக ஊழியர். அவருடைய மறதி அலுவலகக் கோப்பு வழியாக நமக்குத் தெரியவருகிறது, படம் அவருடையது. 2018இல் தமிழில் வந்த '60 வயது மாநிறம்' ஒரு தந்தையைப் பற்றியது. தொலைந்துபோன அவரைத் தேடுவதில் மகன் மனிதனாகிறான். மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி'யில் (2015) மறதி நோய் ஒரு பெண்ணுக்கு வருகிறது. லீலா சாம்சன் நடித்த பவானி கர்நாடக இசைப் பாடகி. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த முகம் அவருடையதுதான். ஆனால் பவானியின் நோய் எதற்குப் பயன்படுகிறது? கணவர் பொறுமையாகப் பார்த்துக்கொள்வதைக் கண்டு இரண்டு இளையவர்கள் கல்யாணத்தின் அருமையைத் தெரிந்துகொள்கிறார்கள். மழையில் அவர் காணாமல் போவதுகூட அவர்கள் கதை முடிவதற்காகத்தான். தன் ராகங்கள் ஒவ்வொன்றாக நழுவுவதை உள்ளிருந்து அவர் எப்படி உணர்கிறார் என்று படம் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியை நான் பார்த்த அளவில் கேட்டது 'த்ரீ ஆஃப் அஸ்' என்ற இந்திப் படம். 2023இல் திரையரங்குக்கு வந்தது. ஷெபாலி ஷா நடித்த ஷைலஜா, தன் ஓர்மை முழுவதும் போவதற்குள் கொங்கண் கரையில் சிறுவயதில் வாழ்ந்த ஊரைப் பார்த்துவிடப் போகிறாள். அங்கே யாருக்கும் பாடம் சொல்லும் வேலை அவளுக்கு இல்லை.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் மறதி நோய் உள்ளவர்கள் 7.4 விழுக்காடு என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் கூடுதல். திரையில் ஆண்களுக்கு வரும் நோய் தரையில் பெண்களுக்கு வருகிறது.

ஏன் பெண்களுக்கு? உடனே வரும் பதில் ஹார்மோன். இந்தப் பதிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 'ஃபெமினைன் ஃபார் எவர்' என்று ஒரு நூல் எழுதினார். மாதவிலக்கு நிற்பது ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் மாத்திரையால் அதைத் தீர்க்கலாம் என்பது அவர் வாதம். மாத்திரை தயாரித்த நிறுவனத்தின் பணம் அவருக்குப் பின்னால் இருந்தது பிறகு தெரியவந்தது. பெண் எதற்காகக் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று அந்த நூலில் தேடினால் பெரும்பாலும் கணவன்தான் அகப்படுவான்.

அந்த மாத்திரை முதுமையில் மூளையையும் காக்கும் என்று பிறகு நம்பினார்கள். அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில் 16,608 பெண்களைக் கொண்டு நடந்த கூட்டு ஹார்மோன் பிரிவை 2002 ஜூலையில் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. மார்பகப் புற்றும் பக்கவாதமும் கூடியிருந்தன. அதன் கிளை ஆய்வு 65 வயதைத் தாண்டிய 4,532 பெண்களைப் பார்த்தது. மாத்திரை எடுத்தவர்களில் 40 பேருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 21 பேருக்கும் மறதி நோய் கண்டது. காக்கும் என்றது கெடுத்தது. உலகமே பயந்து மாத்திரையைத் தூக்கி எறிந்தது. அதுவும் ஒரு தவறுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில், மாதவிலக்கு நின்ற புதிதில், உடல் கொதித்துத் தூக்கம் கெட்டுத் தவிப்பவளுக்கு அந்தச் சிகிச்சை உண்மையான உதவி. ஆனால் மறதியைத் தடுப்பதற்கென்று அதை எடுக்கச் சொல்ல இன்றுவரை ஆதாரம் போதவில்லை. அந்த வயதிலேயே தொடங்கி நான்கு ஆண்டு கொடுத்துப் பார்த்த 'கீப்ஸ்' ஆய்வில் அறிவாற்றலுக்கு நன்மையும் இல்லை, கேடும் இல்லை.

உடலில் நடப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. உடல் எடையில் இரண்டு விழுக்காடு இருக்கும் மூளை உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. அந்தக் குளுக்கோஸை மூளை பயன்படுத்துவதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்குண்டு. நினைவைக் கையாளும் பகுதிகளில் அதற்கான ஏற்பிகள் இருக்கின்றன. அது ஏறி இறங்கும் ஆண்டுகளில் சொல் நழுவுகிறது. எனக்கும் நழுவுகிறது. அகத்திணையை விளக்கிக்கொண்டிருக்கும்போது 'உள்ளுறை' என்ற சொல் வராமல் வகுப்பறையில் நின்றிருக்கிறேன். மருத்துவரிடம் சொன்னபோது, 'வயசாகுதுல்லா மேடம்' என்று சிரித்துவிட்டு இரத்த அழுத்தம் பார்த்தார். பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வு 2009இல் சொன்னதை அவர் சொல்லியிருக்கலாம்: மாதவிலக்கு நிற்பதை ஒட்டிய காலத்தில் புதிதாகக் கற்கும் வேகம் தளர்கிறது, நின்றபின் அது பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. இது சரிவின் தொடக்கம் அல்ல, ஒரு கடவு. இந்த ஒரு செய்தி நாற்பதுகளில் இருக்கும் எத்தனை பெண்களின் இரவுத் தூக்கத்தைத் திருப்பித் தந்திருக்கும்!

(நம் மரபில் முதுமையைக் கேட்டு வாங்கிய பெண்களும் இருக்கிறார்கள். கல்யாணத்திலிருந்து தப்பிக்க ஔவை கிழவியானாள் என்று கதை. காரைக்காலம்மையார் அழகை உதறிப் பேயுரு கேட்டார். இருவருக்கும் ஓர்மை தப்பியதாக எந்தக் கதையும் இல்லை. இருவருக்கும் சமையல் வேலையும் அதோடு முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்து வாசிக்கிறேன்.)

இனி வளர்சிதை மாற்றம், உணவு, நடை. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரை உள்ள 1,260 பேரிடம் நடத்திய 'ஃபிங்கர்' ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கண்காணிப்பு என எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டு செய்தவர்களின் அறிவாற்றல் மற்றவர்களைவிட மேம்பட்டது. நல்ல ஆய்வு. ஆனால் அது தமிழுக்கு அறிவுரையாக வந்து சேரும்போது, தன் நேரம் தன் கையில் இருக்கும் ஒருவரை நோக்கியே பேசுகிறது. அந்த நல்ல உணவை யார் சமைப்பது? விடியலில் நடக்கப் போகிறவளுக்குப் பதிலாக அடுப்பில் யார் நிற்பது? கணவனின் மூளைக்காகக் கீரை ஆய்பவளின் மூளைக்கு அது பயிற்சியா, வேலையா?

தாமிரபரணிக் கரையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. விக்கிரமசிங்கபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மில். ஹார்வி சகோதரர்கள் தொடங்கி, பிறகு மதுரா கோட்ஸ் ஆன பஞ்சாலை. ஆனால் முக்கூடல், கடையம், ஆலங்குளம் என்று இந்தப் பக்கம் முழுவதும் பெண்கள் மடியில் இருந்தது பீடிச் சொளகு. சுற்றுவது வீட்டில் என்பதால் அது வேலையாகவே எண்ணப்படவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் 'பீடி சுத்தத் தெரியுமா' என்று கேட்ட ஊர்கள் இவை. வில்சன் தன் நூலை எழுதிய அதே 1966இல்தான் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் வந்தது. அந்த ஆண்டில் பத்து வயதாக இருந்து, பள்ளியைவிட்டு நிறுத்தப்பட்டுச் சொளகின் முன் உட்கார்ந்த சிறுமிக்கு இப்போது எழுபது. புகையிலைத் தூளின் நெடியில், குனிந்த முதுகோடு, ஐம்பது ஆண்டு.

மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களை லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. மொத்தம் 14. அவற்றைச் சரிசெய்தால் நோயில் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. வயது வரிசையில் முதலில் வருவது குறைந்த கல்வி. செவித்திறன் இழப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், மனச்சோர்வு, தனிமை எல்லாம் பிறகு. மூத்த இந்தியப் பெண்களின் அறிவாற்றல் பின்னடைவில் கணிசமான பகுதியைக் கல்வி வேறுபாடே விளக்குகிறது. அவளுடைய ஹார்மோன் ஐம்பதில் குறைந்தது. அவளுடைய பள்ளிக்கூடம் பத்து வயதிலேயே பறிக்கப்பட்டது. முன்னதற்கு மாத்திரை விற்கலாம் என்பதால் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் மூளை என்ற சொல்லையே சொல்லாமல் மூளைக்கு நல்லது செய்யும் திட்டம் ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. நடுவயதில் இவ்விரண்டையும் கட்டுக்குள் வைப்பது எந்த மூலிகைப் பொடியையும்விட நினைவைக் காக்கும். மாத்திரையைக் கொண்டுவருபவளும் பெண்தான், குறைந்த ஊதியத்துக்கு வெயிலில் நடப்பவள்.

சோதனைகளுக்கு வருகிறேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லும் மேலைநாட்டுக் கேள்வித்தாள், எழுதப் படிக்கத் தெரியாதவளை நோயாளியாக்கிவிடும். 1990களில் ஹரியானாவின் வல்லப்கரில் ஆய்வு செய்தவர்கள் அதனால்தான் அதை மாற்றினார்கள். 'இதைப் படித்து அதன்படி செய்' என்பதற்குப் பதிலாக, 'நான் செய்வதைப் பார்த்துச் செய்' என்று கண்ணை மூடிக் காட்டினார்கள். ஆயிரம் பீடியைக் கை அளவிலேயே சரியாக வைத்தவளின் கணக்கறிவை அளக்கும் கேள்வி ஒன்றை நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களும் உருவாக்கலாம். அதை ஆண்டுகள் பின்தொடர்ந்தால், குழம்பில் உப்பு தவறுவதற்கு முன்பே அவள் தடுமாறத் தொடங்கியது தெரியவரும்.

கடைசியாக, நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று. 'கர்ப்பப்பைய எடுத்தாச்சு' என்பதை நம் பெண்கள் பல் பிடுங்கியதைப்போலச் சொல்கிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 50 வயதுக்குள் இந்த அறுவையைச் செய்துகொண்டவர்களில் பாதிப்பேர் 35 வயதையொட்டியோ அதற்கு முன்போ செய்துகொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்கு வேலை தடைபடக்கூடாது என்று கர்ப்பப்பைகள் அகற்றப்பட்டது 2019இல் செய்தியானது. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் விழுகிறது. இயல்பான மாதவிலக்கு நிற்கும் முன்பே அப்படி எடுக்கப்பட்ட பெண்களுக்கு முதுமையில் அறிவாற்றல் குறையும் அபாயம் கூடுதல் என்று 2007இல் மேயோ கிளினிக் ஆய்வு காட்டியது. எவ்வளவு இளவயதில் எடுத்தார்களோ அவ்வளவு கூடுதல். ஹார்மோன் சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் இவர்கள்தான். இயல்பாக நிற்கும் வயதுவரையாவது அதைக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட நடைமுறை. நான் பேசிப் பார்த்த பெண்களில் பலருக்கு அறுவை நடந்த ஆண்டு, பிள்ளை அப்போது எத்தனாவது படித்தது, எந்த நகை அடகுக்குப் போனது எல்லாம் ஓர்மையில் இருக்கிறது. சினைப்பையையும் எடுத்தார்களா என்று கேட்டால் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரியாக அது எழுதப்பட்டிருக்கும். அந்தச் சீட்டு வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அவர் எங்கயோ வச்சிருக்கார் என்கிறார்கள்.