மூலபாடமும் பதிப்புப் பெருக்கமும்

ஒரே திரைப்படத்தைப் பலமுறை இறுவட்டிற் பதிப்பித்து விற்றல் வணிகத் தந்திரமே எனச் சுவைஞர் குறைகூறுவர். அக்குறை பொய்யன்று, எனினும் அவர்தம் சினத்தின் வேர் வேறிடத்தே உள்ளது.

ஜோர்ஜ் லூக்காஸின் ‘ஸ்ரார் வோர்ஸ்’ 1977 இல் வெளிவந்தது. 1997 இற் புதிய காட்சிகளோடு மீண்டும் திரைக்கு வந்தது. 2004 இல் டி.வி.டி. ஆனபோது மேலும் திருத்தமுற்றது. பழைய வடிவத்தை வேண்டி நின்றோர்க்கு 2006 இல் அது கிடைத்தது. எவ்வாறெனின், 2004 ஆம் ஆண்டு வடிவத்தையே மறுமுறை வாங்குவோர்க்கு இணைப்பாக. அதுவும் 1993 ஆம் ஆண்டு லேசர் வட்டுக்கெனச் செய்த பிரதியினின்று எடுக்கப்பட்டமையால் தெளிவு குன்றியிருந்தது. மூலநூலைப் பின்னிணைப்பிலே, அதுவும் மங்கிய எழுத்தில், அச்சிடும் பதிப்பாசிரியனை எவர் பொறுப்பர்?

ரிட்லி ஸ்கொட்டின் ‘பிளேட் றன்னர்’ 1982 இல் வந்த படம். அதற்கும் பதிப்புகள் பல. 1997 இல் டி.வி.டி. வாங்கியோர் பின்னரும் காசு கொடுக்க நேர்ந்தது. ஆயினும் 2007 இல் இயக்குநரின் இறுதி வடிவம் வெளியானபோது, வெளியீட்டுக்கு முன் சோதனையாகக் காட்டிய பிரதி உட்பட ஐந்து வடிவங்களும் ஒரே பேழையிற் கிடைத்தன. பாடபேதங்களை ஒப்புநோக்கித் தேரும் உரிமை சுவைஞன்பால் விடப்பட்டது. 2011 இல் வந்த ‘ஸ்ரார் வோர்ஸ்’ புளூ-ரே தொகுதியிலோ 1977 ஆம் ஆண்டு வடிவம் இடம்பெறவேயில்லை.