தப்புக் கணக்கும் கையறுநிலையும்

வியட்நாம் யுத்தம் பற்றி இரண்டு புத்தகங்கள். ஒன்று, 1961 முதல் 1968 வரை அமெரிக்கப் பாதுகாப்பு மந்திரியாக இருந்த ராபர்ட் மக்னமாரா 1995-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்பு. மற்றது, வட வியட்நாமியப் படையில் சிப்பாயாக இருந்த பாவ் நின் எழுதிய நாவல். 1991-ல் வியட்நாம் எழுத்தாளர் சங்கத்தின் பரிசு பெற்று, பின்னர் 'யுத்தத்தின் துயரம்' என்ற பெயரில் உலகமெங்கும் அறியப்பட்டது. முன்னது சரித்திரம் என்று சொல்லிக்கொள்கிறது, பின்னது கற்பனை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவனுக்கு இந்த வகைப்பாடு நிற்பதில்லை.

மக்னமாராவின் புத்தகத்தைப் பாவமன்னிப்புக் கோரிக்கையாகப் படித்தவர்கள் உண்டு. நாங்கள் தவறிழைத்தோம் என்று அவர் சொல்வது வாஸ்தவம்தான். ஆனால் அந்தத் தவறு எத்தகையது? தோல்விக்கு அவர் பதினொரு காரணங்கள் அடுக்குகிறார். எதிராளியின் நோக்கத்தைத் தப்பாக எடைபோட்டோம். தேசிய உணர்வின் பலத்தைக் குறைத்து மதிப்பிட்டோம். அந்தப் பிரதேசத்தை அறிந்த நிபுணர்கள் எங்களிடம் இல்லை. எல்லாம் கணிப்பின் பிழைகள். பேரேட்டில் எங்கோ ஒரு தொகை தப்பாக ஏறிவிட்டதைக் கண்டுபிடித்த கணக்கனின் குரல் இது. ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் தலைமையிலிருந்து மந்திரி பதவிக்கு வந்தவர் அவர். அவர் காலத்தில் யுத்தத்தின் முன்னேற்றம் எதிரிச் சடலங்களின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. அந்த அளவுகோல் என்ன செய்யும் என்பதற்கு, அவர் பதவி விலகிய இரண்டு வாரங்களுக்குப் பின், 1968 மார்ச் 16 அன்று மை லாய் கிராமத்தில் நடந்தது போதும். எதிரிகள் 128 பேர் கொல்லப்பட்டதாகவும் மூன்று துப்பாக்கிகள் கைப்பற்றப்பட்டதாகவும் ராணுவம் அறிக்கை விட்டது. செத்தவர்கள் குழந்தைகள், பெண்கள், கிழவர்கள். வியட்நாமியர்களின் கணக்கில் 504 பேர். 128 எதிரிகளிடம் மூன்றே துப்பாக்கிகள்தானா என்ற கேள்வி கணக்கு வைத்தவர்களுக்கு எழவில்லை.

இந்த யுத்தம் ஜயிக்கக்கூடியதல்ல என்பது 1967-லேயே மக்னமாராவுக்குத் தெரிந்திருந்தது. ஜனாதிபதிக்கு எழுதிய குறிப்புகளில் அது இருக்கிறது. ஜனங்களிடம் சொல்லவில்லை. உலக வங்கியின் தலைவராகப் போய், 1981 வரை அங்கே இருந்தார். செத்த 58,000-க்கும் அதிகமான அமெரிக்கச் சிப்பாய்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவர் பதவியை விட்ட பிறகு செத்தவர்கள். அவருடைய புத்தகம் வந்த அதே 1995-ல் வியட்நாம் அரசு தன் பக்கக் கணக்கை வெளியிட்டது: போராளிகள் 11 லட்சம், குடிமக்கள் 20 லட்சம். இந்த மௌனத்தைக் கணிப்பின் பிழை என்று எப்படிச் சொல்வது? தெரிந்தும் வாய் திறவாதது வேறு வகைக் குற்றம். பதினொரு காரணங்களில் அதற்கு இடமில்லை.

பாவ் நின்னின் நாவலில் தலைவர்கள் எவரும் கண்ணில் படுவதில்லை. கியன் என்ற சிப்பாய், யுத்தம் முடிந்த பின் காடுகளில் சகாக்களின் எலும்புகளைப் பொறுக்கிச் சேர்க்கும் குழுவில் வேலை செய்கிறான். அவனிருந்த படைப்பிரிவில் தப்பியவர்கள் பத்துப் பேர். பிறகு அவன் எழுத உட்காருகிறான். காலம் வரிசையில் நிற்க மறுக்கிறது. யுத்தத்துக்கு முந்திய காதல், நடுவே காட்டு மழை, பிந்திய ஹனோயின் இரவு எல்லாம் ஒன்றின் மேலொன்று சரிகின்றன. கடைசியில் அவன் விட்டுப்போன தாள்கள், கலைந்த நிலையிலேயே, வேறொருவன் கைக்கு வருகின்றன. இந்தக் கலைதலை உத்தி என்று பாராட்டுவது நாவலைக் குறுக்குவது. காரணம், விளைவு, பாடம் என்று அனுபவத்தை அடுக்க முடிந்தவன் அதைவிட்டு வெளியே வந்துவிட்டவன். கியனால் வர முடியவில்லை. அவனுடைய நாவலின் உருவமே அதுதான். வெற்றி நாளான 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் விமான நிலையத்தில் அவன் காண்பது குடியும் சூறையும், ஒரு பெண்ணின் சடலத்துக்கு நேரும் அவமதிப்பும். இதை மன்னிக்காதவர்கள் அவன் நாட்டிலேயே இருந்தார்கள். பல ஆண்டுகள் அங்கே நாவலுக்கு மறுபதிப்பு வரவில்லை.

நம் புறத்திணையில் கையறுநிலை என்றொரு துறை உண்டு. தலைவன் மாண்டான், பாடுபவன் செயலற்று நிற்கிறான். சேரனும் சோழனும் ஒரே களத்தில் வீழ்ந்ததைக் கழாத்தலையாரும் பரணரும் பாடியிருக்கிறார்கள். அந்த மன்னர்களைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை, ஊர்களை எரித்தவர்கள்தாம். ஆனால் தாங்கள் தொடங்கிய போரின் களத்தில் தாங்களும் நின்றார்கள். நவீன யுத்தத்தில் தலைவன் களத்துக்கு வருவதில்லை. அவன் ஆயுசோடிருந்து நினைவுக் குறிப்பு எழுதுகிறான். மக்னமாரா 2009-ல், 93 வயதில் இறந்தார். கையறுநிலை இடம் மாறிவிட்டது. பாடப்படுபவன் பெயரற்ற சிப்பாய். பாடுபவன் அவன் பக்கத்தில் படுத்திருந்து தப்பியவன்.

யுத்த இலக்கியம் என்றதும் இது எந்தப் பக்கம் என்று கேட்கும் விமர்சனம் நம்மிடம் பலமாக இருக்கிறது. வியட்நாம் தன் மண்ணைக் காத்தது நியாயம். அதை கியனும் மறுக்கவில்லை. ஆனால் நியாயம் எலும்புகளைக் குறைத்துவிடுவதில்லை. பக்கம் பார்த்து ஒரு பிணத்தைக் கணக்கில் சேர்ப்பதும் விடுவதும் விமர்சனத்தின் வேலையாகும்போது, அது மந்திரியின் பேரேட்டைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறது.