எண்ணி அச்சிட்ட தட்டுகள்: ஜாக் வைட்டின் தனி இசையும் சேகரிப்பும்

ஜாக் வைட்டின் தனி இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர்கள் ஒரே தொகுப்பைப் பலமுறை வாங்குகிறார்கள். பாட்டு ஒன்றுதான். தட்டின் நிறமும் உறையும் விற்ற இடமும் மட்டும் மாறும். டெட்ராய்ட்டில் பிறந்த இந்த ராக் கலைஞர், தி வைட் ஸ்ட்ரைப்ஸ் குழு 2011இல் கலைந்த பிறகு, 2012இல் 'பிளண்டர்பஸ்' என்ற முதல் தனித் தொகுப்பை வெளியிட்டார். அவருடைய தர்ட் மேன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்கு 2009 முதல் நாஷ்வில்லில் கடை உண்டு. 2017 முதல் டெட்ராய்ட்டில் சொந்தத் தட்டு ஆலையும் உண்டு. பாடுபவர், வெளியிடுபவர், அச்சிடுபவர், விற்பவர் எல்லாம் ஒருவரே. எத்தனை தட்டு போடுவது என்பதும் அவர் முடிவுதான். எனவே எண்ணி அச்சிடுவதால் வரும் தட்டுப்பாட்டின் நன்மை தீமை இரண்டுக்கும் அவரே பொறுப்பு.

எல்லாத் தட்டுப்பாடும் ஒரே தரமானதல்ல. 2009இல் தொடங்கிய 'வால்ட்' சந்தாவில் மூன்று மாதத்துக்கு ஒரு பொதி வரும். கெடுவுக்குள் பணம் கட்டியவர் எல்லாருக்கும் தட்டு உறுதி. கெடு முடிந்தபின் அந்தப் பொதி மறுபடி விற்பனைக்கு வராது. இங்கே எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கேட்பவர்களின் விருப்பம். பெரிய கடைகளில் விலைபோகாத மேடைப் பதிவுகளும் ஒதுக்கிவைத்த பாடல்களும் நட்டமில்லாமல் அச்சேறுவது இந்த வழியில்தான். பொதியில் ஒரு தட்டு மட்டும் வேண்டும் என்றாலும் முழுவதையும் வாங்கியாக வேண்டும் என்பது குறைதான், ஆனால் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை.

கடைவாசலில் மட்டும் சிறு எண்ணிக்கையில் விற்கப்படும் மூவண்ணத் தட்டுகளின் கதை வேறு. வரிசையில் முன்னால் நிற்பவர் எப்போதும் ரசிகராக இருப்பதில்லை. கைமாற்றி விற்பவரும் நிற்கிறார். அன்று மாலையே அந்தத் தட்டு இணைய ஏலத்தில் பல மடங்கு விலைக்கு ஏறிவிடுகிறது. 2010இல் வைட் ஸ்ட்ரைப்ஸின் அரிய தட்டுகளை நிறுவனமே ஈபேயில் ஏலம் விட்டபோது ரசிகர்கள் கொதித்தார்கள். எப்படியும் அந்த விலை கொடுக்கத்தான் போகிறார்கள், அந்தப் பணம் இடைத்தரகருக்கு ஏன் போக வேண்டும் என்பதே வைட் தரப்பு நியாயம். அதில் தர்க்கம் உண்டு. ஆனால் விலையை ஏற்றிய தட்டுப்பாடே அவர்கள் உண்டாக்கியது என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

இந்தச் சேகரிப்பு உலகை எடைபோட மிக நல்ல சான்று வைட்டின் 'லாசரெட்டோ' தொகுப்புக்காக 2014இல் வந்த 'லாசரெட்டோ அல்ட்ரா எல்பி' தட்டு. அதன் முதல் பக்கத்தில் ஊசியை வழக்கம்போல் வெளி விளிம்பில் வைத்தால், அது ஒரே வட்டத்தில் சிக்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே, லேபிளுக்கு அருகே வைக்க வேண்டும். அங்கிருந்து பாட்டு வெளிநோக்கி ஓடும். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாடலுக்கு இரண்டு தொடக்கங்கள், ஒன்று மின்கிதாருடன், மற்றொன்று அது இல்லாமல். இரண்டும் அடுத்தடுத்த வரிப்பள்ளங்களில் வெட்டப்பட்டு நடுவில் ஒன்றாகச் சேர்கின்றன. ஊசி எதில் இறங்குகிறதோ அதுதான் கேட்கும். லேபிள் காகிதத்துக்கு அடியிலும் இரண்டு பாடல்கள் ஒளிந்திருக்கின்றன: ஒன்று 78 வேகத்தில், மற்றொன்று 45இல். வெற்றுப் பகுதியில் டிரிஸ்டன் டியூக் பொறித்த ஹோலோகிராம் தேவதை, தட்டு சுழலும்போது விளக்கொளியில் மிதந்து எழும். இவற்றில் ஒன்றையும் கணினிக் கோப்பில் தர முடியாது. இவ்வளவு உழைப்பு கொண்ட இந்தத் தட்டு எண்ணி அச்சிடப்பட்டதும் அல்ல. எல்லாக் கடையிலும் கிடைத்தது. முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 40,000 விற்றது. அதே தொகுப்பின் வால்ட் பதிப்பைத் தேடுபவர்கள் முதலில் பேசுவதோ அதன் நிறத்தைப் பற்றி.

நிறத்துக்கும் ஒரு விலை உண்டு. ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இயந்திரத்தில் தங்கிய பழைய பிளாஸ்டிக்கை வெளியேற்ற வேண்டும். நேரமும் பொருளும் வீணாகும். ஆலைகள் நெருக்கடியில் இருந்த காலத்தில் இது சிறிய செலவல்ல. 2022 மார்ச்சில் பெரிய இசை நிறுவனங்களான சோனி, யுனிவர்சல், வார்னர் மூன்றும் சொந்த ஆலை கட்ட வேண்டும் என்று வைட் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். சிறு நிறுவனங்கள் தட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தன. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஒரே பாட்டுக்குப் பல நிறம் போடும் வழக்கத்தையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும்.

சேகரிப்பாளரின் பக்கத்தில் இருக்கும் பெருங்குறை, கேட்காமல் வைப்பது. உறை பிரிக்காத தட்டுக்குத்தான் சந்தையில் உச்ச விலை. ஒருமுறை ஊசி பட்டாலே மதிப்பு ஒரு படி இறங்கும். ஒலிப்பதற்காக வெட்டிய பள்ளம் அப்போது வெறும் அலமாரிச் சொத்தாகிவிடுகிறது.

இதற்கு மாறான வழியும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று தர்ட் மேன் கடைகளில் பொருள் வாங்கியவர்களின் பைகளில், பெயரோ விவரமோ இல்லாத வெள்ளை உறைத் தட்டு ஒன்று இலவசமாக வைக்கப்பட்டது. அது வைட்டின் புதிய தொகுப்பு. அதைப் பதிவெடுத்துப் பகிரும்படி நிறுவனமே சொன்னதால், அந்த உறை கிடைக்காதவர்களுக்கும் பாட்டு கிடைத்தது. 'நோ நேம்' என்ற பெயரில் ஆகஸ்ட் 2 அன்று அது எல்லாருக்கும் விற்பனைக்கு வந்தது.