திரைக்குப் பின் நின்றோர்: ‘டு பி ஆர் நாட் டு பி’ திரைப்படத்தின் நகை

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயில்வோர் மாதவியின் ஆடலைக் காணுமுன் ஆடலாசானையும் இசையாசிரியனையும் புலவனையும் தண்ணுமை, குழல், யாழ் ஆகியவற்றின் ஆசிரியரையும் கண்டே செல்லுதல் வேண்டும். அரங்கின் அளவும் மூவகை எழினியும் அவர்களுக்குப் பின்னரே ஆடுவாளும் வருகின்றனர். திரைப்படத் திறனாய்வில் இம்முறை பெரிதும் கைவிடப்பட்டது. நடிகரையும் இயக்குநரையும் பேசி அமைதலே வழக்காயிற்று. எர்ன்ஸ்ட் லூபிட்சு இயக்கி 1942-இல் வெளிவந்த ‘டு பி ஆர் நாட் டு பி’ என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படத்தை இளங்கோவடிகள் முறையில் வைத்துக் காண விழைகின்றோம். அவ்வாறு காணின், அப்படத்தின்மேல் அன்று சுமத்தப்பட்ட குற்றத்தின் வலிமையும் மென்மையும் தாமே புலப்படும்.

அக்குற்றம் யாது? வார்சா நகரம் இடிபாடாய்க் கிடக்க, போலந்து மக்கள் மாண்டுகொண்டிருக்க, அதனை நகைப்பொருளாக்குவது முறையோ என்பதே. ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் திறனாய்வாளர் பாசுலி கிரௌதர் படத்தைக் கடுமையாகச் சாடினார். லூபிட்சும் அவ்விதழிலேயே தம் கருத்தை எழுதி விடையிறுத்தார். இவ்வழக்கை எளிதில் தள்ளிவிடுதல் கூடாது. போர் முடியாத காலத்தில் எழுந்த வழக்கு அது.

படத்தை ஆக்கியோர் யாவர் என்று நோக்குவோம். லூபிட்சு 1892-இல் பெர்லினில் யூதத் தையற்காரர் ஒருவர் மகனாகப் பிறந்தவர். இளமையில் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகக் குழுவில் சிறுவேடங்கள் புனைந்தவர். கதைக்கு மூலம் தந்த மெல்கியோர் லெங்கியலும், கலை இயக்குநர் வின்சென்ட் கோர்டாவும் அங்கேரியர். ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாத்தே போலந்தின் கிராக்கோவில் பிறந்தவர். இசையமைத்த வெர்னர் ஹேமன், கோனிக்ஸ்பர்க்கில் பிறந்து, செர்மானியப் படங்களில் பெயர் பெற்று, நாட்சிகளால் நாடு நீங்கியவர். தொழில்நுட்ப மேற்பார்வைக்கு அமர்ந்த ரிச்சர்ட் ஆர்டின்சுகி போலந்து நாடக மேடையிலிருந்து வந்தவர். திரைக்கதை எழுதிய எட்வின் சஸ்டஸ் மேயரும், படத்தைத் தொகுத்த டோரதி ஸ்பென்சரும் அமெரிக்கர். போலந்தின் துன்பத்தைத் தொலைவிலிருந்து எள்ளிய கூட்டம் அன்று இது. தம் வீட்டுத் தீயைக் கடலுக்கு அப்பாலிருந்து கண்ட கூட்டம்.

ஆயினும் ஆக்கியோர் பிறப்பு படைப்பின் தகுதிக்குச் சான்றாகாது. அத்தகுதியைப் படத்துள்ளேயே காணுதல் வேண்டும். கதையே திரைமறைவுத் தொழிலைப் பற்றியதாதலின் அது அரிதன்று. 1939-இல் வார்சாவில் ஒரு நாடகக் குழு கெஸ்டபோவைப் பற்றிய நாடகத்தை ஒத்திகை பார்க்கின்றது. இட்லரைச் சினப்படுத்தும் என்று அரசு அதைத் தடுக்கின்றது. போர் வந்தபின், பயன்படாது கிடந்த அச்சீருடைகளும் அரங்கப் பொருள்களுமே உயிர் காக்கும் கருவிகள் ஆகின்றன. சிலெட்சுகி என்னும் ஒற்றனை ஏமாற்ற, நாடகக் கொட்டகையே கெஸ்டபோ அலுவலகமாக மாற்றப்படுகின்றது. வின்சென்ட் கோர்டாவின் திறனை இங்கே காண்க. போலி அலுவலகமும் உண்மை அலுவலகமும் ஒன்றற்கொன்று இளைத்தவையாகத் தோன்றா. கொடுங்கோலின் மாட்சி பெரும்பாலும் மேடைப்பொருளே என்பதை உரையாடல் சொல்லவில்லை. சுவரும் மேசையும் சொல்லுகின்றன. ஒற்றன் இறுதியில் மேடையிலேயே, எழினி உயர, வீழ்ந்து மடிகின்றான்.

ஒப்பனையாளர் தொழிலுக்கு இப்படம் தரும் இடம் இன்னும் வியப்பானது. சிலெட்சுகியாக வேடமிட்ட நடிகன் சோசப் தூரா, உண்மைச் சிலெட்சுகியின் பிணத்தோடு ஓரறையில் அடைக்கப்படுகின்றான். அவன் பிணத்தின் தாடியை மழித்துத் தன்னிடமுள்ள மற்றொரு பொய்த்தாடியை அதற்கு ஒட்டிவிடுகின்றான். எர்ஹார்ட் என்னும் அதிகாரி அத்தாடியை இழுக்க அது கையோடு வருகின்றது. பிணம் போலியாகி, போலி மெய்யாகின்றான். தூரா தப்பினான் என்று நாம் மூச்சுவிடுமுன், அவனை மீட்க வந்த சக நடிகர்களே அவன் தாடியையும் பிய்த்து எல்லாவற்றையும் கெடுக்கின்றனர்! தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன் கூறுவர். எர்ஹார்டின் பேதைமையும் நடிகர்தம் தற்பெருமை குறித்த எள்ளலும் இக்காட்சியில் பின்னிக் கிடக்கின்றன. போலந்தின் துயரத்திற்கு இந்நகையில் இடமில்லை. கிரௌதர் போன்றார் காணத் தவறியது இவ்வேறுபாட்டையே என்பது எம் கருத்து.

துயரம் வேறிடத்தில் வைக்கப்பட்டுள்ளது. கிரீன்பர்க் என்னும் சிறுவேட நடிகன் சைலக்கின் புகழ்பெற்ற முறையீட்டை மும்முறை பேசுகின்றான்: முதலில் ஈட்டி ஏந்தும் வேடத்தோடு மேடையருகில், பெரிய வேடம் கிட்டாதா என்னும் ஏக்கத்துடன்; பின் இடிந்த வார்சாவில்; இறுதியில் பொய் இட்லரின் எதிரே, துப்பாக்கிகளின் நடுவில். மூன்று இடத்தும் சொற்கள் பெரிதும் அவையே. ஆசை, துயர், துணிவு எனப் பொருள் மாறுகின்றது. நாடகத்திலுள்ள ‘யூதன்’ என்னும் சொல் அவன் பேச்சில் வாராமை குறிக்கத்தக்கது. அதனை நடிக்கும் பெலிக்சு பிரசார்ட்டும் நாடு துறந்த யூதரே. 1928-இல் திரேயரின் சோன் ஆஃப் ஆர்க் படத்தில் ஒரு முகத்தையே காவியமாக்கிய ஒளிப்பதிவாளர் மாத்தே என்பதை நினைவிற்கொண்டு இக்காட்சிகளைக் காணுதல் வேண்டும். ஆரவாரமின்றி, அம்முகத்தைத் தன் பாட்டில் பேச விடுகின்றார்.

குறையே இல்லை என்போமல்லேம். இளம் வான்படை வீரன் சொபின்சுகி இங்கிலாந்திலிருந்து வரும் பகுதி சோர்வுடையது; ஏனைய போர்ப்படங்களின் விறைப்பே அங்குள்ளது. எர்ஹார்ட் வாயில் வைக்கப்பட்ட அந்த ஒரு நகைமொழி பற்றியும் ஐயம் எழலாம். தூரா ஷேக்சுபியருக்குச் செய்ததை நாங்கள் போலந்துக்குச் செய்கின்றோம் என்பது அதன் கருத்து. அதனை நீக்குமாறு நெருங்கியவர்கள் வேண்டியும் லூபிட்சு இசையவில்லை. இசையாமையே நன்று என்போம். கொடியவன் தன் கொடுமையை வேடிக்கையாக எண்ணுதலே அங்குக் காட்டப்படுகின்றது. நகைத்த அக்கணமே நம் நகையை நாம் அஞ்சுகின்றோம்.

நீக்கப்பட்டது வேறொன்று. படப்பிடிப்பு 1941 நவம்பரில் தொடங்கி டிசம்பரில் முடிவதற்குள் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்காவும் போரில் இறங்கியது. மரியா தூராவாக நடித்த கரோல் லொம்பார்ட், போர்க்கடன் பத்திரங்களை விற்றுவிட்டுத் திரும்புகையில் 1942 சனவரி 16-இல் நெவாடாவில் வானூர்தி விபத்தில் மறைந்தார். வானூர்தியில் என்ன நேர்ந்துவிடக்கூடும் என்று மரியா வினவும் ஒரு தொடர் படத்தில் இருந்தது. வெளியீட்டிற்கு முன் அத்தொடர் வெட்டப்பட்டது.